குழுவைத் தொடங்கியவர்

ரோலிங் ஸ்டோன்ஸ் என்றதும் மிக் ஜேகர் பெயர்தான் நினைவுக்கு வரும். அடுத்து கீத் ரிச்சர்ட்ஸ். தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போனபோது பக்கத்தில் அமர்ந்திருந்த மலாய் நண்பன்தான் இவர்களை எனக்கு அறிமுகப்படுத்தினான். ஆனால் அந்தக் குழுவைத் தொடங்கியவர் பிரையன் ஜோன்ஸ் என்ற வேறொருவர் என்பதைக் கடந்த ஆண்டுதான் அறிந்தேன். அவரைப் பற்றி எழுதத் தூண்டியது எங்கள் தாமானின் உறுமி மேளக் குழு. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

பிரையன் 1942 பிப்ரவரி 28-இல் இங்கிலாந்தின் செல்டன்ஹம் நகரில் பிறந்தார். தந்தை விமானப் பொறியாளர். தாய் பியானோ கற்றுக்கொடுத்தவர். பிரையன் படிப்பில் கெட்டிக்காரர், ஆஸ்துமா நோயாளி, கட்டுப்பாடு என்றாலே ஆகாதவர். இருபது வயதுக்குள் திருமணம் ஆகாமலே பிள்ளைகளுக்குத் தந்தையானார். அந்தப் பொறுப்பை அவர் சுமக்கவில்லை. இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ எனக்கு மனமில்லை.

1962 மே மாதம் ஜாஸ் நியூஸ் இதழில், ப்ளூஸ் இசைக்க ஆள் தேவை என்று விளம்பரம் கொடுத்தார். முதலில் வந்தவர் இயன் ஸ்டூவர்ட் என்ற பியானோ கலைஞர். மிக்கும் கீத்தும் பிறகு சேர்ந்தவர்கள். அதற்கு முந்திய மாதம், விரலில் குழாய் மாட்டிக் கித்தார் தந்திகளின் மேல் இழுத்து வாசித்த பிரையனை ஈலிங் கிளப்பில் கண்டு வாய்பிளந்து நின்றவர்கள்தாம் அந்த இருவரும்! மடி வாட்டர்ஸ் என்ற கறுப்பினக் கலைஞரின் பாடலிலிருந்து குழுவுக்குப் பெயர் எடுத்து வைத்தவரும் பிரையனே. 1962 ஜூலை 12-இல் லண்டன் மார்க்கீ கிளப்பில் முதல் நிகழ்ச்சி நடந்தது.

அந்த ஆண்டின் குளிர்காலம் இங்கிலாந்து கண்ட கடுமையான குளிர்களில் ஒன்று. ஈடித் குரோவ் தெருவில் ஓர் அழுக்கு வீட்டில் மிக், கீத், பிரையன் மூவரும் ஒண்டிக்கிடந்தனர். மிக் பொருளாதாரம் படித்த பல்கலைக்கழக மாணவர். அவருக்கு உபகாரச் சம்பளமாவது வந்தது. (நம் பி.டி.பி.டி.என். போல் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை!) மற்ற இருவருக்கும் அதுவும் இல்லை. காலிப் புட்டிகளைக் கடையில் கொடுத்துக் காசு வாங்கினார்கள். பிரையனும் கீத்தும் நாள் முழுவதும் எதிரெதிரே அமர்ந்து, எது யாருடைய கித்தார் என்று தெரியாத அளவுக்கு இரண்டையும் பின்னிப் பழகினார்கள். ரோலிங் ஸ்டோன்ஸின் ஓசை அந்த வீட்டில்தான் பிறந்தது என்றால் அது மிகையாகாது.

1963-இல் ரிச்மண்டின் கிராடேடி கிளப்பில் கூட்டம் நிரம்பி வழிந்தது. ஆண்ட்ரூ ஓல்டம் என்ற பத்தொன்பது வயது இளைஞர் மேலாளராக வந்தார். குழுவின் சார்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் பிரையன். ஆறு பேர் அதிகம், இயன் ஸ்டூவர்ட்டின் தோற்றமும் பொருந்தவில்லை என்று ஓல்டம் அவரை மேடையிலிருந்து நீக்கினார். முதல் ஆளாக வந்தவரை நீக்கியபோது பிரையன் தடுக்கவில்லை. தலைவர் என்ற முறையில் மற்றவர்களைவிட வாரம் ஐந்து பவுண்டு கூடுதலாகவும் வாங்கிவந்தார். அது தெரியவந்த நாள் முதல் மற்றவர்கள் அவரைப் பழையபடி பார்க்கவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் அண்ணன் நினைவு வந்தது. சொந்தக் காசில் உறுமியும் தப்பும் வாங்கி, கோவில் கோவிலாகப் போய்ப் பேசி, எங்களை ஒரு குழுவாக்கியவர். திருவிழாப் பணத்தில் கொஞ்சம் தனியாக எடுத்தார் என்று தெரிந்த இரவு, அவரை நீக்கக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். அப்போது எனக்கு வயது பதினெட்டு.

ஸ்டோன்ஸ் போன இடமெல்லாம் கலவரம். 1964 ஜூலையில் பிளாக்பூல் நகரில் எச்சில் துப்பிய ரசிகர்களைக் கீத் உதைக்க, மண்டபமே நாசமானது. 1965 மார்ச்சில் பெட்ரோல் நிலையச் சுவரில் சிறுநீர் கழித்ததற்காகப் பிரையன், மிக், பில் வைமன் மூவருக்கும் தலா ஐந்து பவுண்டு அபராதம். பத்திரிகைகள் ஏசின, இளைஞர்கள் இன்னும் விரும்பினார்கள்.

பிரையனைக் கவிழ்த்தது கலவரமல்ல. பாடல் எழுதியவருக்கு ஒவ்வோர் இசைத்தட்டு விற்பனையிலும் பணம் உண்டு. ஓல்டம் இதை அறிந்து மிக்கையும் கீத்தையும் எழுத வைத்தார். 1965-இல் சாட்டிஸ்ஃபேக்ஷன் உலகப் புகழ் பெற்றதும் குழு அவர்கள் இருவருடையதாகிவிட்டது. பிரையனுக்குப் பாடல் எழுத வரவில்லை. ஆனால் எந்த வாத்தியத்தைக் கொடுத்தாலும் வாசித்துவிடுவார். 1966-இல் வந்த பெயின்ட் இட் பிளாக் பாடலின் சித்தார் அவருடையது. முதன்முதலில் கேட்டபோது நம்மவர் யாரோ வாசிக்கிறார் என்றே நினைத்தேன்.

பிறகு வீழ்ச்சிதான். போதைப்பொருள், 1967-இலும் 1968-இலும் கைது. அவர் அடித்துத் துன்புறுத்திய காதலி அனிட்டா, கீத்துடன் போய்விட்டார். ஒலிப்பதிவுக்கு வந்தாலும் வாசிக்க முடியாத நிலை. 1969 ஜூன் 8-இல் மிக், கீத், சார்லி வாட்ஸ் மூவரும் அவர் வீட்டுக்கே போய், இனி நீங்கள் குழுவில் இல்லை என்று தெரிவித்தார்கள். ஜூலை 3-ஆம் தேதி, நள்ளிரவுக்குப் பின், தம் வீட்டு நீச்சல் குளத்தில் மூழ்கி இறந்தார். வயது இருபத்தேழு. இரண்டு நாள் கழித்து ஹைட் பார்க்கில் குழு இலட்சக்கணக்கானோர் முன் வாசித்தது. அவர் நினைவாக வண்ணத்துப்பூச்சிகளைப் பறக்கவிட்டார்கள். ஜூலை 10-இல் செல்டன்ஹமில் நடந்த அடக்கத்துக்குச் சார்லியும் பில் வைமனும் வந்தனர். மிக் படப்பிடிப்புக்காக ஆஸ்திரேலியா போயிருந்தார். கீத்தும் வரவில்லை.

எங்கள் குழு இன்னும் அண்ணன் வைத்த பெயரில்தான் அடிக்கிறது. போன திருவிழாவில் சாலையோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு சிரித்தார். தோளில் உறுமி தொங்கியதால் நான் நின்று பேசவில்லை.