பன்னிரண்டு கட்டில்கள்

1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் திகதி புதுக்கோட்டையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அந்த நாட்களில் நமது மலைநாட்டில் கோப்பிச் செடிகள் நோயால் அழிந்து, அவற்றின் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டிருந்தது. புதுக்கோட்டை, திருச்சி, இராமநாதபுரம் பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் குடும்பம் குடும்பமாகக் கடல் தாண்டி இங்கே வந்துகொண்டிருந்தார்கள். ஆகவே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி எங்களுக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். அட்டன் கடைத்தெருவில் வாப்பாவின் கடைக்கு வரும் தோட்டத்து அம்மாமார் பலரின் பூட்டன் பூட்டி பிறந்த சீமையில் பிறந்தவர்தான் அவர்.

தந்தை நாராயணசாமி ஐயர் கல்லூரி அதிபர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். அந்தத் திருமணத்துக்காகத் தந்தையை அவருடைய உறவினர் ஒதுக்கிவைத்தார்கள். வயதுக்கு வந்த பெண் வீட்டோடு இருக்க வேண்டும் என்பதே அன்றைய வழக்கம். முத்துலட்சுமி வீட்டில் இருந்தபடியே படித்துப் பரீட்சை எழுதினார். அதன் பிறகு புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் இடம் கேட்டார். அது ஆண்கள் படிக்கும் கல்லூரி. எதிர்ப்பு எழுந்தது. மகாராஜாவே அனுமதி கொடுத்ததால் உள்ளே போனார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் பதக்கங்களோடு வெளியே வந்தார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும் என்று நிபந்தனை போட்டு மணந்தாராம். எனக்கு மிகவும் பிடித்த தகவல் இது.

சட்டசபைக்குப் போன முதல் இந்தியப் பெண், தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவர், அவ்வை இல்லத்தைத் தொடங்கியவர் என்றுதான் இவரைப் பற்றி எழுதுவார்கள். 1927 முதல் சென்னைச் சட்டசபையில் இருந்தார். அதன் துணைத் தலைவராகவும் தெரிவானார். 1930இல் காந்தியடிகள் சிறைப்பட்டபோது பதவியைத் துறந்தார். முஸ்லிம் மாணவியருக்கென ஒரு விடுதி அமையவும் பாடுபட்டிருக்கிறார். இவை ஒவ்வொன்றையும் பற்றித் தனிக் கட்டுரை எழுதலாம். நான் எழுத நினைத்தது வேறொன்றைப் பற்றி.

1923இல் அவருடைய தங்கை சுந்தரம்மாள் இறந்துபோனார். குடலின் கடைப்பகுதியில் புற்றுநோய். வீட்டில் இரண்டு வைத்தியர்கள் இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அறியாத குடும்பத்தில் இப்படி நடந்தால் விதி என்று சொல்லி அழுது முடித்துவிடுவார்கள். வைத்தியரான அக்காவால் அப்படி முடித்துவிட முடியவில்லை. 1925இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்து போனபோது, லண்டனில் புற்றுநோய்க்கென்றே தனி வைத்தியசாலை நடப்பதைக் கண்டார். அப்படி ஒன்று நம் ஊரிலும் வேண்டும் என்ற எண்ணம் அங்கே வேர்விட்டது.

அதே காலத்தில் கடலுக்கு அப்பால் நியூயோர்க்கில் இன்னொருவர் நுணுக்குக்காட்டியில் கண் வைத்துக்கொண்டிருந்தார். கிரேக்க நாட்டவரான ஜோர்ஜ் பாப்பனிகோலாவு. கருப்பைக் கழுத்திலிருந்து உதிரும் கலங்களைக் கண்ணாடித் தகட்டில் பூசிப் பார்த்தால், புற்றுநோயை அடையாளம் காண முடியும் என்று 1928இல் அறிவித்தார். அவருடைய மனைவி மேரி பல வருடங்கள் தன் உடலிலிருந்தே மாதிரிகளைக் கொடுத்து உதவினார். ஆனால் மற்ற வைத்தியர்கள் காது கொடுக்கவில்லை. 1943இல் அவர் எழுதிய நூல் வெளிவந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. இன்று பாப் பரிசோதனை என்று நாம் சொல்வது அவர் பெயரின் முதல் எழுத்துகளைத்தான்.

சென்னையில் முத்துலட்சுமியின் பேச்சுக்கும் இதே கதிதான். 1935இல் மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் புற்றுநோய் வைத்தியசாலை பற்றிப் பேசினார். புற்றுநோய் வந்தால் சாவுதான், அதற்கு எதற்கு வைத்தியசாலை என்பதே பலருடைய எண்ணம். அரசாங்கத்திடமிருந்து கிடைக்காத பணத்தைப் பெண்கள் சங்கத்தின் மூலம் வீடு வீடாகச் சேர்த்தார். மகன் கிருஷ்ணமூர்த்தியும் வைத்தியராகி, வெளிநாட்டில் புற்றுநோய்ச் சிகிச்சை பயின்று வந்து தாயோடு நின்றார். 1952 ஒக்டோபரில் பிரதமர் நேரு அடையாற்றில் அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் மாதம் புற்றுநோய் நிலையம் திறந்தது. பன்னிரண்டு கட்டில்கள். தங்கை இறந்து 31 வருடங்கள் கழிந்திருந்தன. அம்மையாருக்கு வயது 67. மறு வருடம் டாக்டர் சாந்தா என்ற இளம் பெண் வைத்தியர் அங்கே வேலைக்குச் சேர்ந்து, 2021இல் இறக்கும்வரை அந்த இடத்தை விட்டுப் போகவில்லை.

அந்தக் காலத்துச் சென்னையில் பெண்களை மிக அதிகமாகப் பிடித்த புற்றுநோய் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்தான். இலங்கையிலும் அது முன்வரிசையில் இருக்கிறது. வாப்பாவின் கடைக்கு மேல்கணக்கு லயத்திலிருந்து ஓர் அக்கா வருவார். எனக்கு எப்போதும் ஒரு கைப்பிடி கறிவேப்பிலை கொண்டுவருவார். மாதவிடாய் நிற்கும் வயது, உடம்புச் சூடு என்று சொல்லிக்கொண்டே பல மாதங்கள் இரத்தப்போக்கோடு மலை ஏறிக் கொழுந்து பறித்தார். கிளினிக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும், அரைப்பேர்கூடக் கிடைக்காது என்பது ஒரு காரணம். வெட்கம் இன்னொரு காரணம். மஹரகமைக்குப் போனபோது காலம் கடந்திருந்தது. அவர் போன பிறகுதான் இந்த நோயைப் பற்றி நான் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

படித்தபோது வியப்பாக இருந்தது. புற்றுநோய்களில் இது ஒரு விசித்திரமானது. ஏறக்குறைய எப்போதும் ஒரு வைரஸினால்தான் வருகிறது. அதன் பெயர் எச்.பி.வி. அதில் 16, 18 என்ற இரு வகைகளே பெரும்பாலான நோய்க்குக் காரணம் என்ற வழியைக் காட்டிய ஜெர்மனியின் ஹரால்ட் ஸுர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த வைரஸ் மிகத் தந்திரமானது. மேல்தோலின் கலங்களுக்குள்ளேயே ஒடுங்கிக் கிடக்கும். குருதிக்குள் வராது. கலங்களை வெடிக்க வைத்து ஆரவாரம் செய்யாது. ஆகவே நமது நிர்ப்பீடனத் தொகுதிக்கு எச்சரிக்கை மணி கேட்கத் தாமதமாகிறது. அப்படியிருந்தும் பெரும்பாலான பெண்களில் வெண்குழியங்கள் அதைக் கண்டுபிடித்து, ஓரிரு வருடங்களில் துடைத்துவிடுகின்றன. அவர்களுக்கு அது வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. தப்பித் தங்கிவிடும் சிலரில்தான் ஆபத்து. கலம் கட்டுப்பாடின்றிப் பிரியாமல் காக்கும் புரதங்களை வைரஸ் முடக்கிவிடும். ஆனாலும் அது புற்றுநோயாக முற்றப் பெரும்பாலும் பத்து, பதினைந்து வருடங்கள் எடுக்கும். அந்த நீண்ட இடைவெளியில் மாறிய கலங்களைக் கண்டுவிட்டால் சிறிய சிகிச்சையே போதும். பாப் பரிசோதனையின் பலம் முழுவதும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

தோழியரே, ஆறாம் தரத்தில் எமக்கெல்லாம் கையில் ஊசி போட்டார்களே, நினைவிருக்கிறதா? இலங்கையில் 2017 முதல் கொடுக்கப்படும் எச்.பி.வி. தடுப்பூசி அது. அன்று யார் அழுதார்கள் என்பதுதான் எங்களுக்குப் பெரிய பேச்சாக இருந்தது. அந்த ஊசியில் வைரஸ் இல்லை. வைரஸின் வெளிக்கூட்டைப் போன்ற வெற்றுக் கூடுகள் மட்டுமே. அவற்றைப் பார்த்து உடல் பிறபொருளெதிரிகளைச் செய்து வைத்துக்கொள்கிறது. பின்னர் உண்மையான வைரஸ் வந்தால் கலத்துக்குள் நுழைய முன்னரே பிடித்துவிடும். ஏற்கெனவே குடியேறிவிட்ட வைரஸை இந்த ஊசி விரட்டாது. அதனால்தான் சிறுவயதிலேயே போடுகிறார்கள். எங்கள் உம்மாமாருக்கு அந்த ஊசி கிடைக்கவில்லை. அவர்களுக்குப் பரிசோதனைதான் காவல்.

சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளில் 1996 முதல் சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது. 35 வயதிலும் 45 வயதிலும் பெண்களை அழைக்கிறார்கள். காசு இல்லை. சில நிமிட வேலை. நோய் இருப்பவர்கள் போகும் இடம் என்று பலர் நினைக்கிறார்கள். நோய் இல்லை என்று நம்புகிறவர்களுக்கான இடம் அது. வெட்கத்தைப் பற்றி நான் அலட்சியமாக எழுத மாட்டேன். எங்கள் வீடுகளில் அது ஈமானோடு சேர்ந்து வளர்க்கப்படுவது. ஆனால் பிரசவத்துக்கு வைத்தியசாலைக்குப் போகும்போது நாம் அதைக் காரணமாகச் சொல்வதில்லையே.

முத்துலட்சுமி அம்மையார் 1968 ஜூலை 22இல் காலமானார். பன்னிரண்டு கட்டில்களோடு திறந்த நிலையம் இன்று பல நூறு கட்டில்களோடு அடையாற்றில் நடக்கிறது.

உம்மாவுக்கு இந்த வருடம் 45. மிட்வைஃப் மிஸ் கொடுத்த துண்டு மூன்று மாதங்களாக அலுமாரிக் கண்ணாடியில் செருகிக் கிடந்தது. கிளினிக் எந்தக் கிழமை என்று நானே போய்க் கேட்டு வந்தேன். புதன்கிழமையாம். பக்கத்து வீட்டு மாமியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.