அம்பாசிடரின் முன் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு அகதி: யார் இந்த அலெக் இசிகோனிஸ்?

கொல்கத்தாவின் மஞ்சள் டாக்ஸியிலோ, ஒரு காலத்தில் அமைச்சர்கள் வலம் வந்த வெள்ளை அம்பாசிடரிலோ நீங்கள் போயிருக்கலாம். அடுத்த முறை ஒரு பழைய அம்பாசிடரை மெக்கானிக் ஷெட்டில் தூக்கி நிறுத்தியிருந்தால், குனிந்து அதன் முன்பக்க அடிவயிற்றைப் பாருங்க. சுருள் ஸ்பிரிங் இருக்காது. லாரியில் இருக்கிற மாதிரி கமான் பட்டையும் இருக்காது. முன் சக்கரத்தின் கையிலிருந்து வண்டியின் நீளவாக்கில் பின்னோக்கி ஓடும் ஒரு நீண்ட எஃகுத் தண்டுதான் இருக்கும். அதுதான் ஸ்பிரிங். பெயர் டார்ஷன் பார்.

அந்தத் தண்டு அங்கே வந்த கதை, இன்றைய துருக்கியில் உள்ள ஒரு துறைமுக நகரத்தில் தொடங்குகிறது. பழைய காரை வாங்கி அதன் முன் சஸ்பென்ஷனில் கை வைக்கலாமா என்று யோசிப்பவர்கள் இந்தக் கதையைக் கண்டிப்பா தெரிஞ்சுக்கணும். ஏன் என்று போகப் போகப் புரியும்.

கணக்கில் மூன்று முறை ஃபெயில்

அலெக் இசிகோனிஸ் பிறந்தது 1906 நவம்பர் 18. ஊர் ஸ்மிர்னா, இப்போது அதன் பெயர் இஸ்மிர். அப்பா கிரேக்க வம்சாவளி, ஆனால் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றவர். அம்மா ஜெர்மனியின் பவேரியா பகுதியைச் சேர்ந்த குடும்பம். ஊரில் இவர்களுக்குச் சொந்தமாக ஒரு இன்ஜினியரிங் பட்டறை இருந்தது. வசதியான வாழ்க்கைதான்.

1922-ல் எல்லாம் போனது. கிரேக்க - துருக்கிப் போரின் முடிவில் ஸ்மிர்னாவைத் துருக்கியப் படை கைப்பற்ற, இசிகோனிஸ் குடும்பத்தை பிரிட்டிஷ் கடற்படை மால்டா தீவுக்குக் கொண்டு சென்றது. நோயுற்றிருந்த அப்பா அங்கேயே இறந்துவிட்டார். விதவைத் தாயும் டீன் ஏஜ் மகனும் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

லண்டனில் பேட்டர்சீ பாலிடெக்னிக்கில் சேர்ந்தார். வரைபடம் பிரமாதம். கணிதமோ காலை வாரியது. மூன்று முறை எழுதியும் தேறவில்லை. பின்னாளில் உலகமே கொண்டாடிய கார் வடிவமைப்பாளருக்கு இதுதான் ஆரம்பம். கணக்கு தேவையில்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. அவருடன் வேலை செய்தவர்கள் அந்தக் கணக்கைப் போட வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

முதலில் முன் ஆக்சில்

1930 வாக்கில் அவர் கையில் ஒரு ஆஸ்டின் செவன் 'அல்ஸ்டர்' வந்தது. ஆஸ்டின் செவன் 1922 முதல் 1939 வரை விற்ற குட்டி கார். 747 சிசி இன்ஜின். மலிவு, எடை குறைவு. அதனாலேயே பிரிட்டனில் ஓட்டப் பந்தய ஆசை உள்ள இளைஞர்கள் பலருக்கும் அதுதான் முதல் கார்.

ஆனால் வளைவில் அதை நம்ப முடியாது. காரணம் எளிது. முன்னால் இரண்டு சக்கரங்களையும் ஒரே இரும்புக் கம்பி இணைக்கிறது. அதுதான் பீம் ஆக்சில். அதன் மேல் குறுக்காக ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். இடது சக்கரம் கல்லில் ஏறினால் வலது சக்கரமும் சாயும். வேகமாகச் சுழலும் சக்கரம் இப்படிச் சாயும்போது பம்பரம் போல எதிர்வினை காட்டும். ஸ்டீயரிங் கைக்குள் உதறும். பின்னால் இருக்கும் கால்வட்ட ஸ்பிரிங்குகள் இன்னொரு வம்பு. வண்டி ஒரு பக்கம் சாய்ந்தாலே பின் ஆக்சில் தானாகவே கொஞ்சம் திரும்பிவிடும். நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்புவது ஒன்று, வண்டி போவது இன்னொன்று.

இசிகோனிஸ் என்ன செய்தார்? இன்ஜினை முறுக்கேற்றுவதோடு நிற்காமல், தானே வடிவமைத்த முன் ஆக்சிலை அந்தக் காரில் பொருத்தினார். இன்றைக்கும் பழைய காரை எடுக்கும் பலர் முதல் மாதமே இன்ஜினைப் பிரிக்கிறார்கள். இவர் சக்கரத்தைப் பிடித்தார்.

அதோடு திருப்தி வரவில்லை. முன்பக்கத்தை எவ்வளவு திருத்தினாலும், வளையும் சேசிஸில் பொருத்தினால் பலன் பாதிதான். சக்கரத்தின் கோணத்தை நீங்கள் சரியாக வைத்தாலும், அதைத் தாங்கும் சட்டம் முறுங்கினால் கோணம் மாறிவிடும். ஆகவே ஜார்ஜ் டௌசன் என்ற நண்பருடன் சேர்ந்து புதிதாகவே ஒரு பந்தயக் காரை உருவாக்க ஆரம்பித்தார். பெயர் 'லைட்வெயிட் ஸ்பெஷல்'. பிளைவுட்டின் மேல் அலுமினியத் தகடு ஒட்டிய உடல். தனி சேசிஸ் கிடையாது. நான்கு சக்கரமும் தனித்தனியாக அசையும். ஸ்பிரிங்குக்கு ரப்பர்! மின் கருவி எதுவும் இல்லாமல், முழுக்கக் கைவேலை. வேலை முடிய பல வருடங்கள் ஆனது. மொத்த எடை சுமார் 266 கிலோ. அதில் இன்ஜின் மட்டும் 114 கிலோ. ராயல் என்ஃபீல்டு பைக் ஒன்றின் எடை 190 கிலோவுக்குக் கிட்ட என்பதை நினைத்துப் பாருங்க.

ரப்பர், குறைந்த எடை, விறைப்பான உடல். மூன்றையும் மனதில் வையுங்கள். 20 வருடம் கழித்துத் திரும்பி வரும்.

இந்தியாவுக்கு வராமல் போன சஸ்பென்ஷன்

இதற்கிடையே வேலை. 1934-ல் ஹம்பர் நிறுவனம், 1936-ல் மாரிஸ். இரண்டு இடத்திலும் அவர் தலையில் விழுந்தது ஒரே பொறுப்பு: முன் சக்கரங்களைத் தனித்தனியாக அசைய வைப்பது.

மாரிஸில் ஜாக் டேனியல்ஸ் என்ற வரைவாளருடன் (ஆமா, பெயர் அதேதான்) சேர்ந்து, சுருள் ஸ்பிரிங் கொண்ட ஒரு முன் சஸ்பென்ஷனை வடிவமைத்தார். மாரிஸ் டென் காருக்காக உருவானது அது. செலவு அதிகம் என்று நிர்வாகம் ஒதுக்கிவிட்டது. மாரிஸ் டென் பழைய பீம் ஆக்சிலோடும் பட்டை ஸ்பிரிங்கோடும்தான் சந்தைக்கு வந்தது.

அந்த மாரிஸ் டென்தான் பிறகு நம் நாட்டில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் 'ஹிந்துஸ்தான் 10' ஆனது. அதாவது, இசிகோனிஸ் தயார் செய்த முன் சஸ்பென்ஷன் இல்லாத மாரிஸ்தான் இந்தியாவுக்குக் கிடைத்தது.

ஒதுக்கப்பட்ட வடிவமைப்பு வீணாகவில்லை. போர் முடிந்ததும் 1947-ல் எம்ஜி ஒய் டைப் காரில் ஏறியது. அங்கிருந்து எம்ஜி டிடி, எம்ஜிஏ, எம்ஜிபி என்று அதே அடிப்படை தொடர்ந்தது. எம்ஜிபி உற்பத்தி நின்றது 1980-ல். ஒரு முன் சஸ்பென்ஷனுக்கு 40 வருடத்துக்கும் மேல் ஆயுள்!

நடுவில் வெட்டிய கார்

போர்க் காலத்திலேயே மாரிஸ் மைனர் வேலை தொடங்கியிருந்தது. இங்கேதான் டார்ஷன் பார் வருகிறது. இது அவர் கண்டுபிடிப்பு இல்லை. 1934-ல் வந்த பிரெஞ்சு சிட்ரோயன் டிராக்ஷன் அவான் காரில் ஏற்கெனவே இருந்தது. தண்டின் ஒரு முனை வண்டியின் உடலில் பூட்டியிருக்கும். மறுமுனை சக்கரத்தின் கையோடு சேர்ந்திருக்கும். சக்கரம் மேலே எழும்பினால் தண்டு முறுங்கும். முறுங்கிய தண்டு பழைய நிலைக்கு வரத் துடிக்கும். ஈரத் துணியைப் பிழியும்போது கையில் ஒரு எதிர்ப்பு தெரியுமே, அது மாதிரி.

ஸ்பிரிங்கோடு அவர் நிற்கவில்லை என்பதுதான் இதில் விஷயம். இன்ஜினை முன்னால் தள்ளினார். சக்கரங்களை 14 அங்குலமாகச் சிறிதாக்கி மூலைகளுக்குக் கொண்டுபோனார். துல்லியமான ரேக் அண்ட் பினியன் ஸ்டீயரிங் வைத்தார். எல்லாம் முடிந்த பிறகும் கார் குறுகலாக இருக்கிறது என்று அவருக்கு உறுத்தியது. மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக வெட்டச் செய்து, பாதிகளைத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தார். 4 அங்குல இடைவெளியில் கண்ணுக்குச் சரியாகப் பட்டது. அவ்வளவு அகலம் கூட்டினார்கள். பம்பர்கள் ஏற்கெனவே தயாராகிவிட்டதால், ஆரம்பகாலக் கார்களில் பம்பரை நடுவில் வெட்டி ஒட்டுப்போட வேண்டியதாயிற்று!

அகலம் கூடியதால் வண்டி வளைவில் சாய்வதும் குறைந்தது. 1948 அக்டோபரில் லண்டன் கண்காட்சியில் அறிமுகமான மைனர், 10 லட்சம் என்ற எண்ணிக்கையைத் தொட்ட முதல் பிரிட்டிஷ் கார் ஆனது. அவருடைய எல்லா ஆசையும் நிறைவேறவில்லை. பின்பக்கத்திலும் டார்ஷன் பார் வைக்க நினைத்தார். செலவைக் காட்டி மறுத்துவிட்டார்கள்.

அதே கண்காட்சி, அதே குடும்பம்: மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. அதிலும் முன்னால் டார்ஷன் பார். அது இந்தியாவில் ஹிந்துஸ்தான் 14 ஆனது. மைனர் பேபி ஹிந்துஸ்தான் ஆனது. ஆக்ஸ்ஃபோர்டின் அடுத்த தலைமுறை லேண்ட்மாஸ்டர். அதற்கும் அடுத்தது அம்பாசிடர். அந்தப் பிந்தைய ஆக்ஸ்ஃபோர்டுகள் உருவானபோது இசிகோனிஸ் மாரிஸை விட்டு ஆல்விஸ் நிறுவனத்துக்குப் போய்விட்டார். ஆக, அம்பாசிடரை அவர் வடிவமைத்தார் என்று சொன்னால் தப்பு. முன்பக்கத்து டார்ஷன் பார் ஏற்பாடு அவர் போட்ட பாதையில் வந்தது என்பது சரி.

சரி, உங்கள் காரில் கை வைக்கலாமா?

இங்கே கொஞ்சம் நின்று பேசணும். அம்பாசிடர், மைனர் வைத்திருப்பவர்கள் பலர் முன்பக்கத்தைத் தாழ்த்திவிட்டால் வண்டி ஒட்டி ஓடும் என்று நம்புகிறார்கள். டார்ஷன் பாரின் பூட்டிய முனையைத் திருப்பி வைத்தால் வண்டி தாழும், உண்மை. ஆனால் விறைப்பு மாறாது. தண்டின் விறைப்பைத் தீர்மானிப்பது அதன் நீளமும் தடிமனும்தான். அதுவும் தடிமனின் நான்காம் மடங்கில்! 10 சதவீதம் தடித்த தண்டு போட்டால் விறைப்பு சுமார் 46 சதவீதம் கூடும். கொஞ்சம்தானே என்று மாற்றினால் வண்டி வேறு ஜாதி வண்டியாகிவிடும்.

தாழ்த்தும்போது சக்கரத்தின் சாய்வுக் கோணங்களும் மாறும். அலைன்மென்ட் பார்க்காமல் ஓட்டினால் டயர் ஒரு ஓரமாகத் தேயும், ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும். முன்பக்கத்தை மட்டும் ரொம்ப விறைப்பாக்கினால் வளைவில் முன் சக்கரங்கள் முதலில் பிடி விட்டு வண்டி நேராகப் போகப் பார்க்கும். மழை நாளில் மலைப்பாதையில் இது எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று. மைனரில் ஷாக் அப்சார்பரின் கையே மேல் இணைப்பாகவும் வேலை செய்கிறது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, நீளக் குழாய் வடிவ ஷாக் அப்சார்பரை மட்டும் மாட்ட முடியாது. சக்கரத்தை மேலே பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. மேல் கைக்கும் சேர்த்து ஏற்பாடு செய்தாக வேண்டும்.

பல சமயம் மாற்றமே தேவைப்படாது. தேய்ந்த ரப்பர் புஷ், ஆட்டம் கண்ட கிங் பின், எண்ணெய் ஒழுகிய ஷாக் அப்சார்பர் ஆகியவற்றைச் சரிசெய்தாலே பாதி நோய் போய்விடும். அதன் பிறகும் மாற்றத்தான் வேண்டும் என்றால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு ஒன்று இருக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரங்களிலிருந்து வண்டி மாறக் கூடாது என்பது அதன் சாரம். 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிட்டு ஸ்பானரை எடுப்பது நல்லது.

ரப்பர் திரும்பி வந்தது

1955-ல் இசிகோனிஸ் பழைய இடத்துக்கே திரும்பினார். மாரிஸும் ஆஸ்டினும் அதற்குள் இணைந்து பிஎம்சி ஆகியிருந்தன. மறு வருடம் சூயஸ் நெருக்கடி. பிரிட்டனில் பெட்ரோலுக்கு ரேஷன். சின்னதாக, ஆனால் நிஜமான கார் ஒன்று வேண்டும் என்று நிறுவனத் தலைவர் லெனார்ட் லார்டு கேட்க, 1959 ஆகஸ்ட் 26-ல் மினி வந்தது. நீளம் சுமார் 3 மீட்டர். இன்ஜின் குறுக்கே. சக்கரம் வெறும் 10 அங்குலம்.

இவ்வளவு லேசான காரில் ஒரு சிக்கல் உண்டு. காரின் எடை 600 கிலோ அளவு; நான்கு பேர் ஏறினால் அதில் பாதிக்கு நெருக்கமான சுமை கூடும். ஒருவருக்கு ஏற்ற ஸ்பிரிங் நான்கு பேருக்குத் தரை தட்டும். நான்கு பேருக்கு ஏற்றது ஒருவரைத் தூக்கிப் போடும். அலெக்ஸ் மோல்டன் என்ற பொறியாளர் உருவாக்கிய ரப்பர் கூம்புகள் இதைத் தீர்த்தன. அமுக்க அமுக்க அவை தாமாகவே விறைக்கும். சுருள் ஸ்பிரிங்கை விட இடமும் குறைவு.

சொகுசு? அதைக் கேட்காதீங்க, குலுக்கும். லாபமும் மெச்சும்படி இல்லை. ஆனால் வளைவில் அந்தப் பெட்டிக்கு இணையில்லை. 1964, 1965, 1967 என மூன்று முறை மான்டி கார்லோ ராலியில் தன்னைவிடப் பெரிய கார்களை வென்றது. 1966-லும் முதலில் வந்தது. முகப்பு விளக்கு விதிக்குப் பொருந்தவில்லை என்று தகுதி நீக்கிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு வந்த அவருடைய பெரிய கார்கள் அந்த அளவுக்கு எடுபடவில்லை. தன் ரசனையே வாங்குபவர் ரசனை என்று நினைத்த பிடிவாதம் அதற்கு ஒரு காரணம் என்று தோன்றுகிறது. 1969-ல் சர் பட்டம் கிடைத்தது. திருமணம் செய்துகொள்ளவில்லை, அம்மாவின் கடைசிக் காலம் வரை அவருடனேயே வாழ்ந்தார்.

1988 அக்டோபர் 2-ல் இசிகோனிஸ் இறந்தபோது மினி உற்பத்தியில் இருந்தது. 2000 வரை ஓடி 53 லட்சத்தைத் தாண்டியது. மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா ஆலையில் அம்பாசிடர் இன்னும் நீண்ட காலம் தாக்குப்பிடித்தது. அங்கே உற்பத்தி நின்றது 2014 மே மாதத்தில்.