மன்னர் வாங்காத ஓவியங்கள்

எங்கள் சாம்பியன் ரீப்ஸ் லைனில் ஓவியம் என்றால் அது ரவிவர்மாவின் இலக்குமிதான். கொள்ளுப்பாட்டனார் சுரங்கத்தில் இறங்குமுன் கும்பிட்ட அந்தச் சிவந்த மேனித் திருமகள், இன்றும் பாட்டி வீட்டுச் சுவரில் இருக்கின்றாள்.

வேதியியல் மாணவனுக்கு ஓவியத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் நகைக்கலாம். சென்ற ஆண்டு தில்லிக்குச் சென்றிருந்தபோது, உண்மையைச் சொன்னால் வெயிலுக்கு ஒதுங்கத்தான், ஜெய்ப்பூர் மாளிகையிலுள்ள தேசிய நவீன கலைக்கூடத்தில் நுழைந்தேன். ‘பிரம்மச்சாரிகள்’ என்னும் ஓவியத்தின் முன் என் கால்கள் நின்றுவிட்டன. வெள்ளை வேட்டியில் ஐந்து தென்னாட்டு இளைஞர்கள். கரிய மேனியைக் கரியதாகவே தீட்டியிருந்தார் அம்ருதா ஷெர்கில் அம்மையார்.

1913இல் புடாபெஸ்ட் நகரில் பிறந்தவர் அவர். தந்தை சீக்கியர், வடமொழி அறிஞர். தாய் ஹங்கேரி நாட்டுப் பாடகி. பதினாறு வயதில் பாரிசு சென்று பயின்று, இருபதாம் வயதில் அங்கே பொற்பதக்கம் பெற்றார். அந்தப் புகழை விட்டு 1934இல் இந்தியா திரும்பினார். அஜந்தாவைக் கண்டார், கொச்சி, மதுரை, குமரிமுனை எனத் தென்னாடு சுற்றினார். சிம்லா மீண்டதும், 1937இல், தென்னாட்டு மக்களை மூன்று பெரிய ஓவியங்களில் வடித்தார். அவற்றுள் ஒன்று, சந்தைக்குச் செல்லும் கிராமத்தாரின் படம்.

ஆனால் வாங்குவாரைக் காணோம்! ஐதராபாத்தில் சாலார் ஜங் அவர் படங்களைத் திருப்பிவிட்டார். மைசூர் மன்னரோ ரவிவர்மாவையே விரும்பினார். எங்கள் முன்னோர் தோண்டிய பொன்னுக்கு உரிமைத்தொகை பெற்றுவந்த அதே மைசூர்! மன்னரைக் குறை கூறி என்ன பயன்? எங்கள் பாட்டியும் இலக்குமியைத்தான் தேர்ந்திருப்பார்.

1938இல் மருத்துவர் விக்டர் ஈகனை மணந்தார். 1941 டிசம்பர் 5ஆம் நாள், லாகூரில் தம் ஓவியக் கண்காட்சி தொடங்கச் சில நாட்களே இருக்கையில், இருபத்தெட்டு வயதில் மறைந்தார்.

1954இல் தில்லிக் கலைக்கூடம் திறக்கப்பட்டபோது அவர் ஓவியங்களே அதன் கருவூலமாயின. இன்று அங்கே அவருடைய படைப்புகள் நூற்றுக்கும் மேல். அவர் ஓவியங்களை நாட்டைவிட்டு எடுத்துச் செல்லச் சட்டம் இடம் கொடாது. 1937இல் அவர் தீட்டிய இன்னொரு படம், 2023இல் 61.8 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. எங்கள் சுரங்கமோ 2001இலேயே மூடப்பட்டுவிட்டது.

விடுமுறையில் அந்தச் சந்தைப் படத்தைப் பாட்டிக்குக் கைப்பேசியில் காட்டினேன். முதலில் முகம் சுளித்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். இவர்களெல்லாம் நம் குடியாத்தம் பக்கத்து ஆட்களா என்று கேட்டார்.