காட்டுப்புல்லில் ஒளிந்திருந்த ‘ஜீன் சுவிட்ச்’: அதைக் கரும்போடு சேர்த்துப் பார்த்த ஜானகி அம்மாள் யார்?

மதுரவாயல்னு சொன்னதும் பைபாஸும் டிராஃபிக்கும்தான் ஞாபகம் வரும். 1970-களில் அது பழைய செங்கல்பட்டு மாவட்டத்து ஊர். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் மையத்தின் கள ஆய்வகம் அங்கே இருந்தது. அதிலேயே தங்கி, 80 வயதைத் தாண்டியும் செடிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார் ஒரு பாட்டி. பேர், இ.கே.ஜானகி அம்மாள்.

இப்போ ஏன் அவரைப் பத்திப் பேசணும்? அதே பழைய மாவட்டத்தின் இன்னொரு முனையைப் பாருங்க. கோவளத்திலிருந்து மாமல்லபுரம் தாண்டி ஒரு பக்கம் வங்கக்கடல், மறுபக்கம் பக்கிங்ஹாம் கால்வாய். நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சினா கடல்நீர் உள்ளே வரும், கிணறு உவர்க்கும். உப்பேறிய மண்ணில் ஈரம் இருந்தும் வேரால் அதைச் சரியா உறிஞ்ச முடியாது. பயிர் கருகும். இதைத் தாங்குற கரும்பு கிடைக்குமான்னு தேடிய விஞ்ஞானிகள் போய் நின்றது ஒரு காட்டுப்புல்லிடம். ஜானகி அம்மாள் கோவையில் கையில் எடுத்த அதே புல் இனம்!

தலைச்சேரி டூ மிச்சிகன்

1897 நவம்பர் 4-ல், அன்றைய சென்னை மாகாணத்தின் தலைச்சேரியில் பிறந்தவர். அப்பா நீதித்துறை அதிகாரி. சென்னை ராணி மேரி கல்லூரி, மாநிலக் கல்லூரி என்று படித்துவிட்டு, உதவித்தொகையோடு அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1931-ல் முனைவர் பட்டம். பெண்கள் பள்ளிக்கூடம் போவதே அதிசயமா இருந்த காலம் அது.

1934-ல் கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தில் சேர்ந்தார். இங்கே ஒரு திருத்தம். இந்தியக் கரும்பை இனிப்பாக்கியவரே இவர்தான்னு வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுத்துது. அது முழு உண்மை இல்லை. நாணல் இனத்தோடு கரும்பைக் கலந்து உருவான ‘கோ 205’ ரகம் 1918-லேயே வந்துவிட்டது. அந்தப் பெருமை பார்பர், டி.எஸ்.வெங்கட்ராமன் இருவருக்கும் உரியது. ஜானகி அம்மாள் செய்தது அதைவிடத் துணிச்சலான வேலை. கரும்பைச் சோளத்தோடு, மக்காச்சோளத்தோடு, தர்ப்பைப் புல்லுக்குச் சொந்தமான இனத்தோடு, எரியாந்தஸ் என்ற காட்டுப்புல்லோடு கலந்து பார்த்தார். எது எதோடு சேரும் என்று குரோமோசோம்களை எண்ணி எண்ணிக் குறித்துவைத்தார்.

அது என்ன சுவிட்ச்?

வெயில் வந்தா நாம நிழலுக்கு ஓடலாம், செடியால் முடியாது. நின்ன இடத்திலேயே சமாளிக்கணும். அதற்கான ஜீன்கள் அதனிடம் இருக்கு. ஆனா எல்லாமே எந்நேரமும் முழு வீச்சில் ஓடாது. வறட்சியோ உப்போ தாக்கும்போது சில புரதங்கள் அந்த ஜீன்களின் முகப்பில் போய் ஒட்டிக்கொண்டு அவற்றை ‘ஆன்’ செய்யும். வீட்டு மெயின் சுவிட்ச் மாதிரி, ஒன்றைப் போட்டா பல விளக்கு எரியும். செல்லைக் காக்கும் புரதங்களும், தண்ணீரைப் பிடித்துவைக்கும் பொருட்களும் உற்பத்தியாகும். இந்த வகைப் புரதங்களில் ஒரு குடும்பத்துக்குப் பேர் ‘டிரெப்’. சிக்கலும் உண்டு: சுவிட்ச் எப்பவும் ஆனிலேயே கிடந்தா சில செடிகள் வளராமல் குன்றிப்போகும்.

கோவை நிறுவன விஞ்ஞானிகள் எரியாந்தஸிலிருந்து ‘டிரெப்-2’ ஜீனை எடுத்து, தமிழக விவசாயிகளுக்கு நல்லாத் தெரிந்த ‘கோ 86032’ ரகத்தில் வைத்தார்கள். 2015-ல் வெளியான ஆய்வு முடிவின்படி, அந்தக் கரும்பு வறட்சியையும் உப்பையும் கூடுதலாகத் தாங்கியது. பட்டாணியின் ஒரு ஜீனையும் சேர்த்தபோது உப்பு தாங்கும் திறன் இன்னும் ஏறியது. ஆனா அது ஆய்வுக்கூடக் கரும்புதான். படாளம் ஆலைப் பக்கத்து வயலுக்கு அது இன்னும் வரலை.

ஜானகி அம்மாள் காலத்தில் ஒரு ஜீனை மட்டும் தனியா எடுக்க வழியே கிடையாது. மகரந்தத்தைக் கையால் எடுத்துச் சேர்த்தால், வேண்டியதும் வேண்டாததும் மொத்தமாக வந்து விழும். வேண்டாததைக் கழிக்கவே பல தலைமுறைச் செடிகள் பிடிக்கும்.

லண்டன், மறுபடி இந்தியா

ஆண்கள் நிறைந்த துறையில் தனியொரு பெண்ணாக இருந்த அவருக்கு கோவை வாழ்க்கை சுமுகமா இல்லை. இங்கிலாந்து போனார். உலகப்போர்க் காலத்தில் லண்டனில் வேலை. 1945-ல் டார்லிங்டனோடு சேர்ந்து, பயிர்ச்செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்த நூலை வெளியிட்டார். அடுத்து விஸ்லி தோட்டத்தில் பணி. ஒரு மக்னோலியா மர வகைக்கு இன்றும் அவர் பேர்தான்.

நேருவின் அழைப்பில் திரும்பி வந்து, இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கும் பொறுப்பேற்றார். 1970-ல் சென்னை. 1977-ல் பத்மஸ்ரீ.

கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டி காட்டை மூழ்கடிக்கத் திட்டமிட்டபோது, அந்த வயதிலும் எதிர்த்து நின்றார். காட்டுச்செடி ஒன்று அழிந்தால் அதனுள் எந்த சுவிட்ச் இருந்தது என்று யாருக்குமே தெரியாமல் போகும். வாழ்நாள் முழுக்கச் செடிகளோடு வேலை செய்தவருக்கு இது புரியாதா என்ன?

1984 பிப்ரவரி 7 அன்று மதுரவாயல் ஆய்வகத்தில் இருந்தபோதே காலமானார். அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது அதே ஆண்டு நவம்பரில்.