குருவிகளுக்குக் காது கொடுத்தவர்

பறவைகளின் தந்தை என்று நம் நாடு போற்றும் சலீம் அலி, 1896 நவம்பர் 12ஆம் நாள் பம்பாயில் பத்தாவது பிள்ளையாகப் பிறந்தார். மூன்று வயதுக்குள் தாய் தந்தை இருவரையும் இழந்தார். மாமா அமீருதீன் வளர்த்தார். சிறுவனாக இருந்தபோது ஒருநாள் காற்றுத் துப்பாக்கியால் ஒரு சிட்டைச் சுட்டு வீழ்த்தினார். அதன் கழுத்தில் மஞ்சள் நிறம்! என்ன குருவியென்று கேட்க, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் மில்லர்டு துரையிடம் எடுத்துப் போனார். அவர் கடிந்துகொள்ளவில்லை, பெயரைச் சொல்லி, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளையெல்லாம் திறந்து காட்டினார்.

பின்னர் புனித சேவியர் கல்லூரியின் பிளாட்டர் பாதிரியார் அவரை விலங்கியல் படிக்கத் தூண்டினார். ஜெர்மனியில் பயிற்சி பெற்றுத் திரும்பியும் வேலை கிடைக்கவில்லை. கிகிம் என்ற கடற்கரைக் கிராமத்தில் குடியிருந்து, 1930இல் தூக்கணாங்குருவிகளை நாள்தோறும் கவனித்தார். ஆண்குருவி பாதிக் கூட்டைக் கட்டிவிட்டுக் கூவி அழைக்கும். பெண்குருவி வந்து பார்த்துப் பிடித்தால்தான் மீதியைக் கட்டும். இது எங்களுக்கு மிகவும் பிடித்த செய்தி!

1933இல் திருவிதாங்கூர்ப் பறவைகளைக் கணக்கெடுக்க மனைவி தெஹ்மினாவுடன் மலைமலையாக அலைந்தார். நம் கம்பம் பள்ளத்தாக்கின் தலைமாட்டிலுள்ள குமுளியிலும் தங்கினார். 1941இல் வெளிவந்த அவரது இந்தியப் பறவைகள் நூல், பறவைகளின் உருவத்தோடு குரலையும் எழுதிக் காட்டுகிறது.

அந்தக் குரல் எப்படி உண்டாகிறது? பாடும் பறவையின் குஞ்சு முதலில் கேட்கிறது. பெரியவற்றின் பாட்டை மனத்தில் பதித்து, மழலையாய் உளறி, தன் குரலைத் தானே கேட்டுத் திருத்திக்கொள்கிறது. மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியுமிடத்தில் இருக்கும் குரல்பெட்டியைச் சின்னஞ்சிறு தசைகள் இயக்குகின்றன. பாட்டை முன்பே கேட்டிருந்தாலும், பாடிப் பழகுமுன் காது போய்விட்டால் பாட்டு உருப்படுவதில்லை என்று 1965இல் கொனிஷி என்ற ஜப்பானிய அறிஞர் காட்டினார். குயிலுக்கு இந்தப் பாடமே வேண்டாம். காக்கைக் கூட்டில் வளர்ந்தும் குயிலாகவே கூவும். அது பிறவிக் குரல். பாட்டுக்குக் குயிலையே உவமை சொல்லும் நாம் சற்று யோசிக்க வேண்டும்.

சலீம் அலி 1987 ஜூன் 20ஆம் நாள் தமது 90ஆம் வயதில் மறைந்தார். அமெரிக்கச் சதுப்புநிலச் சிட்டு ஒரு பாட்டைப் பாடும்போதும், அதே பாட்டைக் கேட்கும்போதும், அதன் மூளையில் ஒரே நரம்பணு துடிக்கிறது என்று 2008இல் கண்டறிந்ததை அவர் அறியவில்லை.

நம் மேகமலை ஓடைகளில் சீகாரப் பூங்குருவி உண்டு. பள்ளிக்கூடப் பையன் சீட்டியடிப்பதுபோல் பாடுவதால் ஆங்கிலத்தில் அதுவே அதன் செல்லப்பெயர். (பெண்பிள்ளைகள் சீட்டியடிக்கக் கூடாதென்று வெள்ளைக்காரர் வீட்டிலும் சொன்னார்கள் போலும்!) மழைக்காலத்தில், விடியுமுன்பே அது பாடத் தொடங்கிவிடும்.