குளிரும் ஏழையும் ரம்ஃபர்ட் பிரபுவும்

அமெரிக்காவில் வருவாய் குறைந்த குடும்பங்கள் குளிர்காலத்தில் வீட்டை வெதுவெதுப்பாக வைத்துக்கொள்வதற்கு மத்திய அரசு 1981 முதல் நிதி ஒதுக்கி வருகிறது. எண்ணெய், எரிவாயு, மின்சாரக் கட்டணங்களில் ஒரு பகுதியை அது ஈடுசெய்கிறது. அந்த நிதியில் பொதுவாக 15 சதவீதம் வரைதான், வெப்பம் வெளியேறாதபடி வீட்டைச் செப்பனிடச் செலவிடலாம். எரிபொருளுக்குப் பணம் தருவதா, எரிபொருள் வீணாவதைத் தடுப்பதா? இதில் இரண்டாவதைத் தம் வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்டவர், அதே அமெரிக்க மண்ணில் பிறந்த பெஞ்சமின் தாம்சன் எனும் ரம்ஃபர்ட் பிரபு.

1753இல் மாசசூசெட்ஸின் வோபர்ன் ஊரில், எளிய உழவர் குடும்பத்தில் பிறந்தார். 19 வயதில் செல்வம் மிக்க கைம்பெண் ஒருவரை மணந்தார். விடுதலைப் போரில் பிரிட்டிஷ் மன்னரின் பக்கம் நின்று உளவும் சொன்னார். மனைவியையும் குழந்தையையும் கைவிட்டு லண்டனுக்குக் கப்பலேறினார். போற்றத்தக்க தொடக்கம் அன்று.

பின்னர் பவேரிய ஆட்சியாளர் கார்ல் தியோடரின் பணியில் சேர்ந்து, படைத்துறை அமைச்சராக உயர்ந்தார். 1790 புத்தாண்டு நாளில் மியூனிக் தெருக்களில் பிச்சையெடுத்தோரைப் படை அதிகாரிகளைக் கொண்டு பிடிக்கச் செய்தார். இன்றைய நோக்கில் இது கண்டனத்துக்குரியது. ஆனால், பிடிபட்டோர் சிறைக்குச் செல்லவில்லை. படைவீரர்களுக்கு உடை தயாரிக்கும் தொழிற்கூடத்தில் கணப்பூட்டிய அறைகளும் சூடான உணவும் கூலியும் அவர்களுக்குக் கிடைத்தன. பார்லியும் பட்டாணியும் உருளைக்கிழங்கும் கலந்த அந்தக் கஞ்சி அவர் பெயராலேயே ஐரோப்பாவெங்கும் பரவியது. அவ்வளவு பேருக்குச் சமைக்க எவ்வளவு விறகு ஆகிறது என்று அவர் கணக்குப் பார்த்தார். தீயைச் சுற்றிலும் அடைத்து அடுப்பை அமைத்து, விறகுச் செலவை வெகுவாகக் குறைத்தார்.

1790களின் நடுவில் லண்டன் திரும்பியவர், வீடுகளின் கணப்பில் கவனம் செலுத்தினார். அகன்ற புகைபோக்கி வழியே அறையின் வெப்பமெல்லாம் வானுக்குப் போய்க்கொண்டிருந்தது. கணப்பின் ஆழத்தைக் குறைத்தார். பக்கச் சுவர்களைச் சாய்வாக்கினார். புகைபோக்கியின் கழுத்தை ஒடுக்கினார். அறைக்குள் வெப்பம் கூடியது, புகை குறைந்தது. யாரும் செய்துகொள்ளட்டும் என்று காப்புரிமையும் கோரவில்லை. 1798இல், பீரங்கி துளையிடும்போது எழும் வெப்பத்தை ஆராய்ந்து, வெப்பம் என்பது ஒரு பொருளன்று, இயக்கமே என்று வாதிட்டார். அறிவியல் வரலாறு அவரை இதற்காகவே நினைவில் வைத்திருக்கிறது. எனக்கென்னவோ கணப்புதான் பெரிதாகத் தோன்றுகிறது.

ஆயினும், அந்தக் கணப்பை முதலில் அமைத்துக்கொண்டோர் லண்டனின் வசதி படைத்தோரே. கொத்தனாரை அழைக்கவும் சுவரை இடிக்கவும் சொந்த வீடு வேண்டுமே! 1814இல் பாரிஸை அடுத்த ஒத்தேயில் அவர் மறைந்தார். இன்றும் அமெரிக்காவில் வாடகை வீட்டில் வாழும் ஏழை, அரசின் செலவில் சுவர் இடுக்கை அடைத்துக்கொள்வதற்குக்கூட வீட்டு உரிமையாளரின் இசைவைப் பெற வேண்டியிருக்கிறது.