அம்ரிதா செர்கில்: கண்ணாடியிலிருந்து சந்தைக்கு

திருமங்கலத்தில் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை. விடியும் முன்பே சுற்றுப்பட்டி ஊர்களிலிருந்து மக்கள் வந்து கூடிவிடுவார்கள். பேரம், சண்டை, கேலி, சிரிப்பு என்று காது அடைத்துவிடும். மதுரையைச் சுற்றி வாழும் நமக்கு இது பழகிய காட்சி. அதனால்தான், 'சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தார்' என்ற ஓவியத்தை ஒரு நூலில் முதன்முதலில் கண்டபோது எனக்கு வியப்பாக இருந்தது. கறுத்த மேனி, எளிய உடை... நம் தெற்கத்தி மக்களேதான்! ஆனால் அங்கே சந்தையின் சத்தம் இல்லை. முகங்களில் ஒரு கனத்த மௌனம். ஏன் இப்படி?

வரைந்தவர் அம்ரிதா செர்கில். ஆண்டு 1937. அப்போது அவருக்கு 24 அகவை. என் கேள்விக்கு விடை, அதற்குச் சில ஆண்டுகள் முன்பு பாரிசில் அவர் கண்ணாடி முன் அமர்ந்து வரைந்த தம் சொந்த முகங்களில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

1913ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் அங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில் பிறந்தார் அம்ரிதா. தந்தை உம்ராவ் சிங், பஞ்சாபின் சீக்கியப் பிரபு குடும்பத்தவர். வடமொழி கற்ற அறிஞர். ஒளிப்படக் கலையில் தீராத ஆர்வம் கொண்டவர். தம்மையே பலமுறை படம் எடுத்துக்கொண்டவர். தாய் மரி அந்துவானெத், அங்கேரி நாட்டு இசைப் பாடகி. தங்கை இந்திரா. 1921இல் குடும்பம் சிம்லாவுக்கு வந்தது. அங்கே கன்னியர் மடப் பள்ளியில் சேர்ந்த சிறுமி, தனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்று அறிவித்ததால் வெளியேற்றப்பட்டாள். எங்களைப் போன்ற குருக்களுக்கு இது படிக்க இனிமையான செய்தி அல்ல. அந்தப் பிள்ளையிடம் யாராவது உட்கார்ந்து பேசியிருக்கலாமே என்றுதான் தோன்றுகிறது.

1929இல் 16 வயதில் பாரிஸ். அங்கே நுண்கலைப் பள்ளியில் லூசியன் சிமோனிடம் பயின்றார். அந்த ஆண்டுகளில்தான் தம்மைத் தாமே மீண்டும் மீண்டும் வரைந்தார். அவருடைய தன்னுருவ ஓவியங்கள் ஏறக்குறைய 19 என்பர், பெரும்பாலானவை இக்காலத்தவை. ஒன்றில் வாய்விட்டுச் சிரிக்கிறார். இன்னொன்றில் முகம் வாடியிருக்கிறது. ஓரிடத்தில் ஐரோப்பியப் பெண், ஓரிடத்தில் இந்தியப் பெண். 1934இல் தம்மைத் தாகித்தித் தீவுப் பெண்ணாகவே வரைந்துகொண்டார். அத்தீவு மக்களை வரைந்து புகழ்பெற்ற கோகன் என்ற ஓவியரின் தாக்கம் அது. செருக்கு என்று சிலர் சொல்வர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு நாடு, இரண்டு இரத்தம், பல மொழிகள்! நான் யார் என்று அந்தப் பெண் தன் முகத்திடமே கேட்டுக்கொண்டிருக்கிறாள். வேறு யாரிடம் கேட்பாள்?

தங்கை இந்திராவையும் ஒரு தோழியையும் வைத்து அவர் 1932இல் வரைந்த 'இளம் பெண்கள்' பாரிசில் பெரும் பாராட்டுப் பெற்றது. அங்கேயே இருந்திருந்தால் வசதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் அம்ரிதாவின் வண்ணங்கள் கீழை நாட்டு வெளிச்சத்துக்கு உரியவை என்று ஆசிரியரே கருதினார். அவருக்கும் அதே எண்ணம். 1934 இறுதியில் இந்தியா திரும்பினார்.

திரும்பிய பின் கண்ணாடி முன் அமர்வது வெகுவாகக் குறைந்துபோனது. மலைவாழ் ஆண்கள், பெண்கள், மணப்பருவத்தில் வாய்மூடி அமர்ந்திருக்கும் மூன்று சிறுமியர்... இவர்களே அவருக்குப் பாடமானார்கள். அந்த 'மூன்று சிறுமியர்' 1937இல் பம்பாய்க் கலைச் சங்கத்தின் தங்கப் பதக்கத்தைப் பெற்றது. அஜந்தாவைக் கண்டார். கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனையின் சுவரோவியங்களைக் கண்டார். குமரி முனை வரை வந்தார். அந்தப் பயணத்தின் பயனே 'மணமகளின் ஒப்பனை', 'பிரமச்சாரிகள்', நம் சந்தை மக்கள் ஆகிய மூன்று ஓவியங்களும்.

பின்னாளில் பாரிஸ் காலத்தைத் திரும்பிப் பார்த்தபோது, அதை அவர் தூக்கி எறியவில்லை. ஐரோப்பாவுக்குப் போயிராவிட்டால் அஜந்தாவின் அருமையே தமக்குத் தெரிந்திராது என்று கருதினார். அந்த இளமைக்கால முகங்களை வெட்கத்தோடு மறைக்கவும் இல்லை. அங்கேயே நின்றுவிடவும் இல்லை.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். பாரிசில் தம் முகத்தில் தேடிய அதே தனிமையைத்தான் அவர் நம் கிராமத்தார் முகத்திலும் கண்டார் என்பது என் எண்ணம். நம் மக்களின் துயரம் பொய்யல்ல. 1937இல் அது இன்னும் அதிகம். எனினும் துயரத்தோடு சிரிக்கவும் தெரிந்தவர்கள் இவர்கள். அந்தச் சிரிப்பு அம்ரிதாவின் காதில் விழவில்லை. பிறரைப் பார்க்கும்போதும் நம் முகம் குறுக்கே வந்துவிடுகிறது. ஆன்மீக வழிகாட்டியாக இருக்கும் எனக்கும் இது நடப்பதுண்டு.

திரும்பிப் பார்க்கும் வாய்ப்பும் அவருக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை. அவர் சேர்த்து வைத்திருந்த பழைய கடிதங்களைப் பெற்றோர் எரித்துவிட்டார்கள். மகளின் பெயர் கெட்டுவிடக் கூடாதே என்ற அச்சம். முதுமையில் எடுத்துப் படித்து ஆறுதல் பெற நினைத்திருந்தவை அவை. மனம் உடைந்து பெற்றோருக்கு எழுதினார். அந்த முதுமை வரவே போவதில்லை என்று அப்போது யாருக்குத் தெரியும்?

1938இல் உறவினரான மருத்துவர் விக்டர் எகானை மணந்தார். கோரக்பூர் அருகே சராயாவில் வாழ்ந்தனர். ஓவியங்கள் அதிகம் விற்கவில்லை. (அவர் 1937இல் வரைந்த 'கதை சொல்பவர்' 2023ஆம் ஆண்டு ஏலத்தில் 61 கோடி ரூபாயைத் தாண்டியது. இறந்தவர்களுக்கு நாம் தாராளமாகக் கொடுக்கிறோம்!) 1941இல் இருவரும் லாகூருக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே ஓவியக் கண்காட்சி ஒன்றுக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்த நேரத்தில் திடீரென நோயுற்று, டிசம்பர் 5ஆம் நாள் இறந்தார். அகவை 28.

கடைசி ஓவியம் முற்றுப்பெறாமல் நின்றது. லாகூர் வீட்டிலிருந்து தெரிந்த காட்சி அது. அக்கம்பக்கத்து வீடுகள், கீழே சில கறுப்பு எருமைகள். அவ்வளவுதான். அதில் அம்ரிதா இல்லை.